கச்சானில் தேறிய கிண்ணமும் தேறாத குடுவையும்: திருகோணமலைக் கடைசல் பட்டறை ஒன்றைப் பற்றிய மதிப்புரை

சென்ற ஐப்பசியில் வாங்கிய சவண்டலை மரக் கிண்ணத்தை இந்த ஆவணி முதலாம் திகதி அடிமட்டம் வைத்து அளந்து பார்த்தேன். மரத்தின் இழை ஓடும் திசையில் வாய் 25 சென்ரிமீற்றர் இருந்தது. இழைக்குக் குறுக்கே 24.7. வாங்கிய அன்று இரு திசையிலும் 25 என்று கிண்ணத்தின் அடியிலேயே பென்சிலால் குறித்து வைத்திருந்தேன். பத்து மாதத்தில் மூன்று மில்லிமீற்றர் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வெடிப்பு இல்லை, மேசையில் வைத்தால் ஆட்டமும் இல்லை. அதே பட்டறையில் மார்கழியில் வாங்கிய முதிரை மரக் குடுவையோ ஆனி முடிவதற்குள் அடியில் வெடித்துவிட்டது. ஒரே கை கடைந்த இரண்டு பொருள்களில் ஒன்று தேறியதற்கும் மற்றது தேறாததற்கும் காரணம் தெரிந்த பிறகே இதை எழுத உட்கார்ந்தேன்.

கடைசல் பாத்திரத்தைப் பற்றி வாங்கிய வாரத்திலேயே எழுதுவதில் பயன் குறைவு. கடையில் இருக்கும்போது எல்லாக் கிண்ணமும் வட்டமாகத்தான் இருக்கும், எல்லாம் மினுங்கத்தான் செய்யும். திருகோணமலையில் அது வாடைக்காற்றோடு வரும் மாரியையும் அதன் பின் வரும் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றையும் ஒரு தடவையாவது கண்டிருக்க வேண்டும். ஐப்பசி தொடங்கித் தை வரை அலுமாரிக்குள் வைத்த சட்டைகூட ஈர மணம் பிடிக்கும் ஊர் இது. வைகாசி பிறந்து, மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இறங்கி வரும் கச்சான் வீசத் தொடங்கினால், காலையில் தோய்த்துப் போட்ட சாரம் பத்து மணிக்குள் மொறமொறவென்று காய்ந்துவிடும். காற்றின் ஈரப்பதன் (சாரீரப்பதன்) 85 வீதமாக இருக்கும்போது, நம் ஊர் வெப்பத்தில், மரம் தன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 17 வீதம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது 60 வீதத்துக்கு இறங்கினால் மரத்திலுள்ள நீர் 11 வீதம் அளவுக்கு வந்து நிற்கும். இடையிலுள்ள அந்த நீர் வெளியேறும்போது மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையத்தின் வழியே சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைவிட ஏறத்தாழ இரு மடங்கு. நீளவாக்கில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம். அதனால் வட்டம் நீள்வட்டமாகும். நீள்வட்டமாக இடம் கிடைக்காவிட்டால் வெடிக்கும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றவன். சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பில், பெயர் சொல்ல விரும்பாத ஓர் அன்பளிப்புப் பொருள் கடையில், மகோகனிக் கிண்ணம் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கி வந்தேன். அடியில் பச்சை நிறத் துணி வட்டம் ஒட்டியிருந்தது; மேசையில் கீறல் விழாமல் இருக்க என்று விற்பனைப் பெண் விளக்கினார். முதல் கச்சானிலேயே விளிம்பிலிருந்து அடிவரை ஒரு கோடு பிளந்தது. ஆத்திரத்தில் துணியை உரித்துப் பார்த்தால் கீழே நான்கு திருகாணித் துளைகள் இருந்தன, அவற்றில் இரண்டு கிண்ணத்தின் உட்தளத்துக்கு ஒரு நூல் அளவு கீழேதான் நின்றன. மரத்தைத் தகட்டில் திருகி, அதைச் சுழற்றும் லேத் இயந்திரத்தில் பூட்டிய தடத்தை மறைக்க ஒட்டிய துணி அது. அன்றிலிருந்து எந்தக் கிண்ணத்தையும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பதே என் வழக்கம்.

இப்போது சொல்ல வந்த பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. உப்புவெளியைக் கடந்து நிலாவெளிப் பக்கமாகப் போகும் வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு மண் ஒழுங்கையில், வீட்டுக்குப் பின்னால், வேப்பமர நிழலில் தகரக் கொட்டகை போட்டு நடத்துகிறார்கள். வாசலில் குவிந்து கிடக்கும் சுருள் சுருளான மரச்சீவல்தான் அடையாளம். அறுபதைத் தாண்டிய ஐயா ஒருவரும் அவருடைய மருமகனும் வேலை செய்கிறார்கள். கதவு நிலை, கட்டில் கால், படிக்கட்டுத் தூண் என்று தளபாடத்துக்குக் கடைந்து கொடுப்பதே நெடுங்காலம் தொழிலாக இருந்ததாம். கிண்ணமும் குடுவையும் பிறகு வந்தவை. இயந்திரம் பழைய வார்ப்பிரும்பு லேத். ஒரு குதிரைவலு மோட்டரைப் பூட்டி, படிப்படியாக உள்ள கப்பிகளில் பெல்ட்டைக் கையால் மாற்றி வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். மின்சாரம் நின்றால் வேலையும் நிற்கும். அதனால் வருவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிட்டு வருவது நல்லது.

முதல் நாள் என் கண்ணில் பட்டது இயந்திரம் அல்ல, அதற்குப் பின்னால் இருந்த பலகை அடுக்கு. அதில் ஐம்பது அறுபது அரைகுறைக் கிண்ணங்கள், தடித்த சுவரோடு, மெருகில்லாமல், சில நீள்வட்டமாகக் கோணியபடி, கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் கறுப்புப் பேனாவால் திகதியும் எடையும் எழுதியிருந்தது. ஒன்றைக் கையில் எடுத்துப் படித்தேன்: மாசியில் 2,640 கிராம், அடுத்த மாதம் 2,310, பிறகு 2,120, பிறகு 2,050, கடைசி இரண்டு வரியிலும் 2,040. விளிம்பிலும் வெளிப்பக்கத்தில் இழை வெட்டுப்பட்ட இடங்களிலும் உருக்கிய மெழுகு பூசியிருந்தது, அந்த முகங்களின் வழியாகத்தான் நீர் விரைந்து வெளியேறும் என்பதால். பச்சை மரத்தை முதலில் தடிப்பாகக் கடைந்து, கிண்ணத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு சுவரை விட்டு, எடை நிற்கும்வரை மாதக்கணக்கில் காயவைத்து, கோணிப் போனதை மறுபடி லேத்தில் ஏற்றி வட்டமாக்கி முடிப்பது இந்த முறை. உலகில் எங்கும் அக்கறையுள்ள கடைசல்காரர் கையாள்வது இதுதான் என்றாலும், இடத்தையும் முதலையும் முடக்கிப்போட்டு ஒரு சிறு பட்டறை இதைச் செய்வதை நான் இங்குதான் பார்த்தேன். நான் கேட்ட ஒரு கிண்ணத்தை அவர் தர மறுத்துவிட்டார். “அது இன்னும் காயல்ல தம்பி. எடை நிக்கட்டும்” என்றார். காசோடு வந்தவனைத் திருப்பி அனுப்பும் கடையின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

அவர் கேட்ட இன்னொரு கேள்வியையும் சொல்ல வேண்டும். கிண்ணத்தை எங்கே வைக்கப் போகிறீர்கள், ஏசி அறையிலா என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறார். குளிரூட்டிய அறையின் காற்று கச்சானைவிடவும் காய்ந்திருக்கக்கூடும். கடற்கரை விடுதிகளுக்குக் கேட்டு வருபவர்களிடம் சுவர் மெல்லிய பாத்திரத்தைக் கொடுப்பதில்லை என்றார்.

மரங்களைப் பற்றி. பெரும்பாலும் உலர் வலயத்து மரங்களே: முதிரை, சவண்டலை, பூவரசு, தேக்கு, இடையிடையே மழைமரம். காற்றில் விழுந்தவை, வீடு கட்ட வெட்டியவை, பழைய வீட்டுக் கூரையிலிருந்து கழற்றிய வளைகள் என்று வந்து சேர்கின்றன. பலாவை மட்டும் உரிய அனுமதிக் கடிதம் காட்டாமல் வாங்குவதில்லை. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்ட 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும். கருங்காலி கேட்டு வந்த ஒருவருக்கு ‘அந்த வேலை இங்கே இல்லை’ என்று ஒரே வரியில் பதில் போனதை நானே கேட்டேன்.

சவண்டலையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சிங்களத்தில் ஹல்மில்ல என்று சொல்லப்படும் இந்த மரத்தை ஆங்கிலேய வணிகர்கள் ‘திரிங்கோமலி வூட்’ என்றே அழைத்தார்கள். நம் ஊர்ப் பெயரில் சென்னைக்கு ஏற்றுமதியாகி, கரையில் மோதும் அலையைக் கடக்கும் மசூலாப் படகுகளுக்கும், சாராயப் பீப்பாய்களுக்கும் பயன்பட்டது. வளைந்து கொடுக்கும், எளிதில் பிளக்காது என்பதே அதன் கீர்த்தி. வேடிக்கை என்னவென்றால், ஊரின் பெயரையே தாங்கிய ‘எச்.எம்.எஸ். திரிங்கோமலி’ என்ற போர்க்கப்பல் 1817இல் பம்பாயில், தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் காட்சிக்கு நிற்கிறது. ஊர்ப் பெயருள்ள மரம் படகாகிக் கரைந்துபோக, ஊர்ப் பெயருள்ள கப்பல் வேற்று மரத்தில் நிலைத்துவிட்டது. இந்தக் கதைக்காகவே சவண்டலையில் ஒரு கிண்ணம் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் கதை இல்லாமலும் அது நல்ல மரம்: செம்மண்ணிறம், நெருங்கிய இழை, ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிறிய மரத்தை விட்டுக் கடைந்திருப்பதால் விளிம்பில் பிறை போல ஒரு வெள்ளைக் கீற்று.

இனிக் கிண்ணத்துக்கு வருகிறேன். எடை அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூட. சுவரின் தடிப்பு விளிம்பில் எட்டு மில்லிமீற்றர். பெருவிரலையும் சுட்டுவிரலையும் கவ்வ வைத்து விளிம்பிலிருந்து அடிக்கு இறக்கினால் தடிப்பு எங்கும் திடீரென்று மாறவில்லை. நல்ல கடைசலைக் கண்ணைவிட இந்த இரு விரல்கள் விரைவில் காட்டிக்கொடுக்கும். உள்ளே வளைவு சட்டி போல ஒரே ஓட்டமாக இறங்குகிறது. பல கிண்ணங்களில் சுவர் முடிந்து தரை தொடங்கும் இடத்தில் ஒரு மடிப்புத் தட்டும், இதில் அது இல்லை. கவிழ்த்துப் பார்த்தேன்: திருகாணித் துளை இல்லை, துணி இல்லை. ஒன்பது சென்ரிமீற்றர் அகலமான பாதத்தை நடுவில் இலேசாகக் குழித்து, இரண்டு மெல்லிய வளையக் கோடுகள் இழுத்து முடித்திருக்கிறார். பாதம் குழிந்திருப்பதால் மரம் கோணினாலும் ஓரத்தில்தான் நிற்கும், நடு மேசையில் முட்டி ஆடாது. பத்து மாதம் கழித்தும் ஆடாமல் நிற்பதற்கு இந்தக் குழிவே காரணம் என்று நினைக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. பலகை போல அறுத்த மரத்தில் கிண்ணம் கடையும்போது, ஒவ்வொரு சுற்றிலும் எதிரெதிரே இரண்டு இடங்களில் உளி இழைக்கு எதிராக ஏறும். அங்கே இழை கிளம்பிச் சொரசொரப்பாகும். நன்றாகத் தீட்டிய, குழிந்த வாயுள்ள உளியால் மெல்லிசாக ஒரு கடைசி வெட்டு எடுத்தால் அது போகும். அதற்குப் பதில் சுரண்டும் உளியைப் பிடித்துவிட்டு மிச்சத்தைச் சாண்ட் பேப்பரிடம் ஒப்படைத்தால் போகாது. என் கிண்ணத்தின் வெளிப்பக்கம் கண்ணாடி போல இருக்கிறது. உள்ளே அந்த இரண்டு இடங்களிலும் வெளிச்சத்துக்குச் சாய்த்தால் மங்கலான திட்டுத் தெரிகிறது, விரலுக்கும் தட்டுப்படுகிறது. ஐயாவிடம் காட்டியபோது மறுக்கவில்லை. உள்வேலையை மருமகன் முடித்தாராம். அவர் 180ஆம் இலக்கக் கரட்டுத் தாளிலிருந்து நேரே நைசான 400க்குத் தாவியிருப்பார் என்பது என் ஊகம். இடையிலுள்ள 240, 320 ஆகியவற்றைத் தவிர்த்தால் பழைய கீறல்கள் மெருகுக்குள் புதைந்து நிற்கும். பழம் போட்டு வைத்தால் தெரியாது. வெறுமனே அலங்காரத்துக்கு வைப்பவர்கள் வாங்குமுன் யன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்க்கட்டும்.

அவர்கள் கடைவதைப் பார்க்க விடுகிறார்கள், அது தனி வரவு. தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம் என்று தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பதன் பொருத்தம் அங்கே நின்றபோதுதான் எனக்குப் பட்டது. மோட்டர் வருவதற்கு முன், ஒருவர் வாரை மாறி மாறி இழுக்க மரம் முன்னும் பின்னும் சுழல, இன்னொருவர் உளி பிடிப்பாராம். மத்தில் கயிறு சுற்றி இழுப்பதேதான். இப்போது மரம் ஒரே பக்கம் சுழல்கிறது, வேகமும் வேறு. 25 சென்ரிமீற்றர் கிண்ணம் நிமிடத்துக்கு 1,000 சுற்றுச் சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 47 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. ஐயா முகமூடிக் கண்ணாடி இல்லாமல் ஆளியைத் தொடுவதில்லை. மருமகன் அதை நெற்றியில் ஏற்றிவிட்டு வேலை செய்கிறார். வாடிக்கையாளன் சொல்லக்கூடிய விடயமா தெரியவில்லை, நான் சொல்லிவிட்டேன்.

உளியின் அடிமுதுகு முதலில் மரத்தில் சும்மா உரசுகிறது, சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு கைப்பிடியை மெல்ல உயர்த்துகிறார். வாய் மரத்தைத் தொட்ட கணத்தில் சத்தம் சீறலாக மாறி, ஈர மரத்திலிருந்து நாடா நாடாகச் சீவல் அவர் தோளைத் தாண்டிப் பறக்கிறது. காய்ந்த முதிரையில் நாடா வராது, மஞ்சள் தூள்தான் வரும். அந்தத் தூள் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் என்பது நூறு ஆண்டுக்கு மேலாக அறிந்த செய்தி. ஐயா முதிரை கடையும் நாளில் முழுக்கைச் சட்டையைப் பொத்தான் பூட்டிப் போட்டுக்கொள்கிறார். அப்படியும் மணிக்கட்டில் சிவந்த திட்டுகளைக் கண்டேன்.

அந்த முதிரையில் கடைந்த குடுவைதான் என் மனக்குறை. பதினெட்டு சென்ரிமீற்றர் உயரம், பருத்த வயிறு, பெருவிரல் நுழையும் அளவு வாய். பார்த்தவர் ஒருவரும் தொடாமல் போனதில்லை. வெளிச்சத்தில் திருப்பினால் பட்டுச் சேலை போல ஒளி ஓடும், முதிரைக்கே உரிய குணம் அது. கிண்ணத்தைப் போல இதைப் பலகையில் கடைய மாட்டார்கள். கிளையை அப்படியே நீளவாக்கில் பூட்டி, சிறு வாய் வழியாக வளைந்த கம்பியுளியை விட்டு, உள்ளே கண்ணுக்குத் தெரியாமல், காதையும் கையையும் நம்பிக் குடைவார்கள். கடினமான வேலை என்பதில் ஐயமில்லை. ஆனால் கிளையை அப்படியே பூட்டினால் மரத்தின் நடுப்புள்ளி குடுவையின் அடியில் வந்து நிற்கும். வெடிப்பு பெரும்பாலும் நடுப்புள்ளியிலிருந்துதான் கிளம்பும். அதைத் தவிர்க்க வேண்டுமானால் நடுவை விலக்கிப் பிளந்த பெரிய கட்டையிலிருந்து கடைய வேண்டும், அல்லது அடியைக் குடைந்து அந்தப் புள்ளியை எடுத்துவிட்டு வேறு மரத்தில் ஒரு வில்லை பதிக்க வேண்டும். இந்தக் குடுவையில் இரண்டும் செய்யப்படவில்லை. போதாததற்கு, வயிறு ஐந்து மில்லிமீற்றரும் அடி மூன்று விரற்கடையுமாக விடப்பட்டிருந்தது. கையில் வாங்கியபோது கீழ்ப்பாரமாக இருந்ததை நான் கவனித்தும் கேட்காமல் விட்டது என் பிழை. மெல்லிய சுவர் விரைவில் காய்ந்து சுருங்க, தடித்த அடி ஈரத்தோடு அசையாமல் நிற்க, ஆனி மாதம் ஒரு பின்னேரம் ‘டக்’ என்று அடுத்த அறைக்குக் கேட்கும்படி வெடித்தது. அடியைப் பார்த்தால் நடுப்புள்ளியிலிருந்து மூன்று கால்கள் பிரிந்து நட்சத்திரம் போலக் கிடந்தது.

எடுத்துக்கொண்டு போனேன். சாக்குச் சொல்லவில்லை. அடியை விரலால் தடவிவிட்டு “இது என்ட பிழைதான்” என்றார். பணத்தைத் திருப்பித் தரவா, சரிசெய்து தரவா என்று கேட்டார். சரிசெய்யச் சொன்னேன். வெடிப்பில் முதிரைத் தூளைத் திணித்துப் பசை விட்டுத் தேய்த்துத் தந்தார். வெடிப்பு அடங்கியது, ஆனால் பசை குடித்த தூள் கறுத்துப்போய், மஞ்சள் மரத்தில் மூன்று மண்ணிறக் கோடாகத் தெரிகிறது. முதலில் கேட்டபோதே பணத்தை வாங்கியிருக்கலாமோ என்று இப்போதும் சில நாள் தோன்றும். குடுவைகளை அவர் இன்னும் அதே முறையில்தான் கடைகிறார் என்பதால், இந்தப் பட்டறையில் குடுவை வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கேட்டே ஆகவேண்டுமென்றால் அடியில் வேறு மரத்து வில்லை பதித்துத் தரும்படி கேளுங்கள்.

மெருகு விடயத்தில் ஐயாவோடு உடன்படுகிறேன், மருமகனோடு இல்லை. ஐயா பூசுவது ஆளி விதை எண்ணெயும் தேனீ மெழுகும். ஆளி எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மரத்துக்குள்ளேயே இறுகிவிடும். பூசித் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால், அப்படி இறுகும்போது எழும் சூட்டில் தானாகவே தீப்பற்றும் என்பதால், வேப்பமரத்துக் கொடியில் துணிகளை விரித்துத் தொங்கவிட்டிருக்கிறார். மங்கிய பிறகு வீட்டில் தேங்காயெண்ணெய் பூசுங்கள் என்று மருமகன் சொன்னார். அது இறுகும் எண்ணெய் அல்ல. மேலே பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து, நாளடைவில் சிக்கு நாற்றம் அடிக்கும். பொதுவாகக் கடைகளில் உள்ள அரக்கு மெருகும் லக்கரும் முதல் நாள் கூடுதலாகப் பளபளக்கும் என்பது உண்மை. சூடான தேநீர்க் கோப்பையை அரக்கு மெருகின் மேல் வைத்து எடுத்தால் வெள்ளை வளையம் விழும். என் கிண்ணத்தில் அப்படி ஒன்றும் விழவில்லை. மெழுகு 60 பாகையைத் தாண்டியதும் இளகும் என்பதால் சூடான எதையும் நான் உள்ளே வைப்பதுமில்லை. வாழைப்பழம், தோடம்பழம், சில நாள் வறுத்த கச்சான் கடலை. கறி வைக்கக் கூடாது. மஞ்சள் பிடித்தால் போகாது.

மற்றப் பொருள்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெற்றிலைத் தட்டம் நன்று, ஆனால் அகலத்துக்குத் தடிப்பு மிகுதி. மூடியோடு கூடிய குங்குமச் செப்பில், சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி, உரசற் சூட்டில் இளகவைத்து, தாழை ஓலையால் தேய்த்து நிறம் ஏற்றப் பார்த்திருக்கிறார்கள். மாத்தளை ஹப்புவிடவின் அரக்கு வேலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பிள்ளை நடை. மூடி மட்டும் ‘ப்ளொக்’ என்ற சத்தத்தோடு திறப்பது அருமை. பனையில் கடைந்த சிறு கிண்ணம் ஒன்றும் இருந்தது. காழ், அதாவது வைரம், வெளியே உள்ள பனையைப் பழந்தமிழ் இலக்கணம் மரமென்று ஒப்பாமல் புல் என்றதன் காரணம், கறுப்பு நார்கள் ஈர்க்கீர்க்காக எழும்பி விரலைக் கீறியபோது விளங்கியது. வாங்கவில்லை.

விலை: சவண்டலைக் கிண்ணம் 9,500 ரூபா, குடுவை 14,000, செப்பு 1,800. பேரங்காடிகளில் வெளிநாட்டிலிருந்து வரும் கிண்ணம் இதில் பாதிக்குக் கிடைக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அவற்றில் பெரும்பாலானவை துண்டுகளை ஒட்டிக் கடைந்தவை, மேலே தடித்த லக்கர். அவசரத்துக்கு அவையும் உதவும். ஏழெட்டு மாதம் அடுக்கில் கிடந்து, இருமுறை லேத்தில் ஏறிய ஒரே துண்டு மரத்துக்கு 9,500 அதிகமில்லை என்பது என் எண்ணம். குடுவையின் விலை மட்டும் அதன் அடிக்குப் பொருந்தாது. காசாகத்தான் வாங்குவார்கள், அட்டை செல்லாது, பற்றுச்சீட்டுக் கேட்டால் கொப்பித் தாளில் எழுதித் தருவார்கள். பொதி கட்டுவது மிக மோசம்: ஒற்றைப் பத்திரிகைத் தாளும் ஒரு சொப்பிங் பையும். வெளியூருக்குப் பஸ்ஸில் அனுப்பச் சொல்வதாக இருந்தால் பெட்டியை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். சொன்ன நாளுக்குப் பொருள் கிடைக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். கலியாணப் பரிசுக்கென்று ஒரு மாதம் முன்பே சொல்லிவைத்த ஒரு கிண்ணத்தை, எடை நிற்கவில்லை என்று தராமல் விட்டதால், நான் மண்டபத்துக்கு வெறும் கடித உறையோடு போக நேர்ந்தது. மணமக்களுக்கு அந்தக் கிண்ணம் இரண்டு மாதம் கழித்துப் போய்ச் சேர்ந்தது, அவர்கள் வீட்டிலும் அது வெடிக்காமல் இருக்கிறது.

இப்போது பூவரசில் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். எங்கள் வேலியில் நின்று சாய்ந்த மரம்; கட்டையைத் துவிச்சக்கரவண்டியில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நடுப்புள்ளியை விலக்கித்தான் பிளந்தார், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். உள்வேலையை அவரே முடித்துத் தரவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். சென்ற வாரம் போனபோது அடுக்கின் இரண்டாம் தட்டில் என் பெயரோடு கவிழ்ந்து கிடந்தது. கடைசி வரியில் 1,120 என்றிருந்தது, அதற்கு முந்தியதில் 1,135. இன்னும் பதினைந்து கிராம் இறங்கிக்கொண்டிருக்கிறது, ஐப்பசி மழைக்குள் நின்றால் வந்து எடுக்கலாம், நிற்காவிட்டால் அடுத்த கச்சானுக்குப் பிறகுதான் என்றார்.